ஜாதி நாய்களுக்குப் பரம்பரையாகப் பார்வை போவது எப்படி?

ஐரிஷ் செட்டர் என்ற நாயைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். செம்பழுப்பு நிறம், நீளமான மயிர், பறவை வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த உடல். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நாயை வளர்த்த பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு புதிர் பெரிய தலைவலியாக இருந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் பார்வையில் ஒரு குறையும் இருக்காது. அவை ஈன்ற குட்டிகளில் ஒன்றிரண்டு மட்டும் பொழுது சாய்ந்தால் தடுமாறும். படி இறங்கத் தயங்கும், வாசல் நிலையில் முட்டிக்கொள்ளும். ஒரு வயதை ஒட்டி அவற்றுக்குப் பகலிலும் கண் தெரியாமல் போய்விடும். அதே ஈற்றில் பிறந்து, அதே தீனியைத் தின்று வளர்ந்த மற்றக் குட்டிகளுக்கு எதுவும் ஆகாது.

தீனியிலும் கோளாறில்லை, தொற்றும் இல்லை, கோளாறு ரத்தத்தில்தான் வருகிறது என்பதை ஊகிக்க அதிக நாள் ஆகவில்லை. ஸ்வீடனில் மாக்னுசன் என்பவர் 1911 வாக்கிலேயே கார்டன் செட்டர் நாய்களில் இதே மாதிரியான விழித்திரைச் சிதைவை விவரித்திருந்தார். ஆனால், எந்த நாயிடம் அந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. டிஎன்ஏ பரிசோதனை என்ற ஒன்றே அப்போது கிடையாது. 1940-களில் பிரிட்டன் வளர்ப்பாளர்கள் கையாண்ட வழி கொஞ்சம் கொடூரமானது, ஆனால் கணக்கு சரியானது. சந்தேகத்துக்குரிய நாயை, ஏற்கெனவே கண் போன ஒரு நாயோடு இணை சேர்ப்பார்கள். அதற்குள் கோளாறு ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் கண் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறு குட்டிகளும் நல்ல பார்வையோடு வளர்ந்துவிட்டால், அது தற்செயலாக நடந்திருக்க 64-இல் ஒரு வாய்ப்புதான். நாய்க்கு நற்சான்று கிடைத்துவிடும். ஒரு குட்டிக்குக் கண் போனாலும் அந்த நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று கேட்காமல் இருப்பது நல்லது.

இந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்று புரிய, முதலில் கண்ணுக்குள் போக வேண்டும்.

கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய திசுதான் விழித்திரை. அதில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் செல்கள். பகல் வெளிச்சத்திலும் நிறத்தைப் பிரித்தறிவதிலும் வேலை செய்பவை கூம்பு செல்கள். நாயின் விழித்திரையில் கோல் செல்கள்தான் மிகப் பெரும்பான்மை. அந்தி நேரத்தில் நம்மைவிட நாய் நன்றாகப் பார்ப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான பிரதிபலிப்புப் படலம். இரவில் டார்ச் அடித்தால் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுகிறதே, அதுதான்.

கோல் செல் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. இருட்டில் அது ஓய்ந்திருக்காது. சிஜிஎம்பி என்ற ஒரு வேதிப்பொருள் அதன் மேல்சவ்வில் உள்ள வாசல்களைத் திறந்தே வைத்திருக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஒளி பட்டதும் ஒரு நொதி விழித்துக்கொண்டு சிஜிஎம்பி-யை உடைத்துப்போடும். வாசல்கள் மூடும். இந்த மாற்றத்தைத்தான் மூளை ‘வெளிச்சம்’ என்று படிக்கிறது.

ஐரிஷ் செட்டரிடம் பழுதானது அந்த நொதி. அதன் ஒரு பகுதியைச் செய்யும் மரபணுவுக்கு பிடிஇ6பி என்று பெயர். அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ‘இதோடு நிறுத்து’ என்ற கட்டளை புரதம் முழுமையாவதற்கு முன்னரே வந்துவிடுகிறது. அரைகுறைப் புரதத்தால் நொதி இயங்காது. சிஜிஎம்பி உடைபடாமல் குவிகிறது, வாசல்கள் மூடுவதே இல்லை, கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே கொட்டுகிறது, கோல் செல்கள் மடிகின்றன. இதை 1993-இல் கண்டுபிடித்தார்கள். நாய்களின் பரம்பரை விழித்திரைச் சிதைவுக்குக் காரணம் என்று அடையாளம் காணப்பட்ட முதல் மரபணு இதுதான். பரிசோதனைக்காகக் கண் தெரியாத குட்டிகளைப் பிறக்க வைக்கும் அவசியமும் அத்தோடு ஒழிந்தது.

பழுது கோல் செல்லில்தான், கூம்பு செல்லில் இல்லை. பிறகு ஏன் பகல் பார்வையும் போகிறது? கோல் செல்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபின் அவற்றைச் சார்ந்திருக்கும் கூம்பு செல்களால் தனியே நீடிக்க முடிவதில்லை. எனவே இந்த நோய்களில் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் மாலைக்கண், பிறகு மெல்ல மெல்ல முழு இருட்டு. வலி இருக்காது. இந்த வகை நோய்களுக்கெல்லாம் பொதுவாக பிஆர்ஏ என்று பெயர். படிப்படியாக நிகழும் விழித்திரைச் சிதைவு. மனிதருக்கு வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்ட்டோசா என்ற நோயின் நாய் வடிவம் என்றே சொல்லலாம்.

இனி, நல்ல பார்வையுள்ள பெற்றோருக்கு எப்படிக் கண் தெரியாத குட்டி பிறக்கிறது என்ற பழைய புதிருக்கு வருவோம்.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. பிடிஇ6பி மாதிரியான மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டுப்போனாலும் மற்றப் பிரதி போதுமான நொதியைச் செய்துவிடும். நாய்க்கு ஒன்றும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது, கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. இப்படி ஒரு கெட்ட பிரதியைச் சுமந்துகொண்டு நல்ல கண்ணோடு திரியும் நாயைத்தான் கேரியர் என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் படித்த ஒடுங்கு பண்பு இதுதான். இரண்டு கேரியர்கள் இணைந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு கெட்ட பிரதிகளும் வந்து சேர, நான்கில் இரண்டு கேரியராக, நான்கில் ஒன்று முழுக்கத் தப்பித்துக்கொள்ள.

இந்த ‘நான்கில் ஒன்று’ என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எட்டுக் குட்டி போட்டால் இரண்டுக்குக் கண் போகும் என்று அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகக் குலுக்கல் நடக்கிறது. கேரியர் ஜோடிக்கு எட்டுக் குட்டிகள் பிறந்து, எட்டும் நல்ல கண்ணோடு இருக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கே குட்டிகள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. “எங்க நாய் ரெண்டு தடவை குட்டி போட்டிருக்கு, ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல” என்று ஒரு வளர்ப்பாளர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது சான்றும் ஆகாது.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஓர் இனத்தில் நூற்றுக்கு ஒரு நாய்க்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைசேர்க்கை எதேச்சையாக நடக்குமானால் அந்த இனத்தில் கேரியர்கள் நூற்றுக்குப் பதினெட்டு. கண் போன அந்த ஒரு நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குகிறோம், சரி. மீதிப் பதினெட்டும் பரிசு வாங்கிக்கொண்டு குட்டி போட்டுக்கொண்டிருக்கும். நோயுள்ளதை மட்டும் ஒதுக்கி இந்த வகை நோயை ஒழிக்க முடியாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கெட்ட பிரதிகள் தெருநாய்க்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு. ஜாதி நாய்க்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?

நம் ஊரில் விழித்திரை நோயுள்ள பிள்ளையைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், டாக்டர் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, “சொந்தத்துல கல்யாணமா?” என்பது. அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால், பிறக்கும் பிள்ளையிடம் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் அமைய 6.25 சதவீத வாய்ப்பு, எந்த மரபணுவை எடுத்துக்கொண்டாலும். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் 12.5. நாய் வளர்ப்பில் தகப்பனையும் மகளையும் சேர்ப்பது, ஒரே ஈற்று உடன்பிறப்புகளைச் சேர்ப்பது எல்லாம் நெடுங்காலம் மதிப்பான உத்திகளாக இருந்தன. அங்கே கணக்கு 25 சதவீதம். ‘லைன் பிரீடிங்’ என்று பெயர் வைத்தால் கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது.

இதற்கு அடித்தளம் போட்டது விக்டோரியா காலத்து இங்கிலாந்து. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. எந்த நாய் எந்த இனம் என்று பதிவேடு வந்தது. பதிவான தாய்க்கும் பதிவான தகப்பனுக்கும் பிறந்தால்தான் பதிவு என்ற வழக்கம் நிலைத்தது. அதன்பின் வெளியிலிருந்து புது ரத்தம் வருவது அனேகமாக நின்றது. பல இனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முன்னோர்களிலிருந்து பெருகியவை. போர்க்காலங்களில் சில இனங்கள் அழிவின் விளிம்புக்குப் போய், மிஞ்சிய சில நாய்களிலிருந்து மறுபடி தழைத்தன. இதற்கெல்லாம் மேல் ஒரு பழக்கம்: ஒரு ஆண் நாய் பெரிய கண்காட்சியில் ஜெயித்துவிட்டால் ஊரிலுள்ள பெட்டைகளெல்லாம் அதனிடம்தான் போகும். ஒரு பெட்டை வாழ்நாளில் சில ஈற்றுகள்தான் போட முடியும், ஆண் நாய்க்கு அந்த வரம்பு இல்லை. அந்தச் சாம்பியனுக்குள் ஒரு கெட்ட பிரதி இருந்தால் அதன் குட்டிகளில் பாதிக்கு அது போகும். இரண்டு மூன்று தலைமுறை கழித்து அதன் பேரனும் பேத்தியும் எங்கோ ஒரு வளர்ப்பாளர் வீட்டில் ஜோடி சேரும். பழுது தற்செயலாக வந்தது. பழுதும் பழுதும் சந்திக்க வழி போட்டுக் கொடுத்தது பதிவேடும் கோப்பையும்.

ஐரிஷ் செட்டரின் நோயில் ஒரு வசதி இருந்தது: குட்டிப் பருவத்திலேயே வெளியே தெரிந்துவிடும். லாப்ரடாருக்கு அந்த வசதி இல்லை. லாப்ரடாரில் வரும் பிஆர்ஏ-யின் முக்கிய வகைக்கு பிஆர்சிடி என்று பெயர். இது பெரும்பாலும் நாய் நடுவயதை நெருங்கும்போதுதான் வெளிப்படும். அதற்குள் அது இரண்டு மூன்று ஈற்றுக்குத் தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும். தாமதமாக வரும் நோய் வளர்ப்பாளரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

இதன் மரபணுவைப் பிடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2005-இல் டாஷா என்ற பாக்ஸர் இனப் பெட்டையின் மரபணுத் தொகுதி முழுதாக வெளியானது, நாய் மரபியலுக்கே அது ஒரு திருப்பம். அடுத்த ஆண்டு, 2006-இல், பிஆர்சிடி மரபணு பிடிபட்டது. 54 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம் ஒன்றைச் செய்யும் மரபணு அது. அந்தப் புரதத்தின் இரண்டாவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் டைரோசின் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் பிழை. வங்கதேசத்தைச் சேர்ந்த, ரெட்டினைட்டிஸ் பிக்மென்ட்டோசா உள்ள ஒரு மனிதரிடமும் அச்சு அசலாக அதே பிழை இருந்ததை அதே ஆய்வு காட்டியது. மனித மருத்துவத்துக்கு முன்பு தெரியாத ஒரு மரபணுவை நாய் காட்டிக்கொடுத்தது.

பிஆர்சிடி-யில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. லாப்ரடார், பூடில், காக்கர் ஸ்பேனியல், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக், ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் என முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் இருப்பது இதே ஒரே பிழை. இத்தனை இடத்தில் தனித்தனியாக இதே எழுத்து மாறியிருக்காது. இந்த இனங்கள் பிரிவதற்கு முன்பே, ஏதோ ஒரு பழைய நாயிடம் தோன்றி, எல்லோருக்கும் பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. இதன் நடைமுறை விளைவு: கலப்பினம் என்றால் ஆரோக்கியம் என்ற நம்பிக்கை இங்கே காலை வாரும். லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து லாப்ரடூடில் என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். தாய் இனத்திலும் தகப்பன் இனத்திலும் ஒரே பிஆர்சிடி பிழை இருக்கும்போது கலப்பு என்ன காப்பாற்றும்? அதே ஜோடியில், கோலி போன்ற மேய்ப்பு நாய்களுக்கே உரிய கண் நோய் வராது என்பது உண்மைதான், ஏனென்றால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் இருப்பது அரிது. கலப்பு உதவுகிறதா என்பது எந்த இனத்தோடு எந்த இனம் என்பதைப் பொறுத்தது.

எல்லா வகையும் இப்படி இரண்டு பிரதி கேட்பதில்லை. இங்கிலீஷ் மாஸ்டிஃப், புல்மாஸ்டிஃப் இனங்களில் ரோடாப்சின் மரபணுவில் ஒரு பிழை உண்டு, 2002-இல் கண்டறிந்தது. ரோடாப்சின்தான் கோல் செல்லில் ஒளியை நேராக வாங்கும் பொருள். இங்கே ஒரு கெட்ட பிரதியே கண்ணைக் கெடுக்கப் போதும், ஓங்கு பண்பு. இந்தப் பிழையுள்ள விழித்திரைக்குக் கடும் வெளிச்சமும் ஆகாது. கண் மருத்துவர்கள் விழித்திரையைப் படம் எடுக்கப் பயன்படுத்தும் அளவு வெளிச்சமே சிதைவை விரைவுபடுத்துவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சைபீரியன் ஹஸ்கியிலும் சமாயிடிலும் வரும் ஒரு வகை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்றுப் பிரதி கிடையாது, எனவே நேராக அடிபடுவது ஆண் நாய். பெட்டையின் விழித்திரையில் சில செல்களில் நல்ல எக்ஸும் சில செல்களில் கெட்ட எக்ஸும் வேலை செய்வதால் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சேதம் தெரியும்.

நீள்மயிர் மினியேச்சர் டாக்ஸ்ஹண்ட் கதை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது நிபுணர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2006-இல் ஆர்பிஜிஆர்ஐபி1 என்ற மரபணுவில் 44 எழுத்துகள் கூடுதலாகப் புகுந்திருப்பதைக் கண்டு, இதுதான் காரணம் என்றார்கள். ஆய்வுக்கூட நாய்களில் அது சரியாகப் பொருந்தியது. வீட்டு நாய்களைச் சோதித்தபோது, இரண்டு கெட்ட பிரதி இருந்தும் பல ஆண்டுகள் நன்றாகப் பார்த்த நாய்கள் கிடைத்தன. பிறகு அதே குரோமோசோமில் வேறோர் இடத்தில் இரண்டாவது மாறுதல் ஒன்றும் தெரியவந்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் நோய் சீக்கிரம் வருகிறது. கோல்டன் ரிட்ரீவரில் வேறு சிக்கல்: பிஆர்சிடி போக, வேறு இரண்டு மரபணுக்களிலும் தனித்தனிப் பிழைகள் உண்டு, ஒன்று 2011-இல் தெரிந்தது, மற்றது 2014-இல். ஒரே இனம், வெளியே ஒரே நோய், உள்ளே மூன்று காரணம். ‘நாய்க்குருட்டுக்கான ஜீன்’ என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது, எது முறிந்தாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய ஒரே அறிகுறிதான்.

விழித்திரைக்கு வெளியேயும் பழுதுகள் உண்டு. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற மேய்ப்பு இனங்களில் கண் உருவாகும்போதே விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தநாளப் படலம் சரியாக வளர்வதில்லை. 2007-இல் கண்டறிந்த காரணம், என்ஹெச்இஜே1 மரபணுவுக்குள் ஏறக்குறைய 7,800 எழுத்துகள் ஒரேயடியாகக் காணாமற்போனது. பல நாய்களுக்குப் பார்வை பெரிதாகக் குறைவதில்லை. சிலவற்றுக்கு விழித்திரை பிய்ந்துபோய் முழுக்கக் கண் போகும். நீள்மயிர் கோலிகளில் இந்தப் பிழை அவ்வளவு பரவிவிட்டதால், முழுக்கத் தப்பிய நாயைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு பொறியும் உண்டு. ஆறேழு வார வயதில் பரிசோதித்தால் மருத்துவருக்குத் தெரியும் குறை, சில வாரங்களில் நிறமி படர்ந்து மறைந்துவிடலாம். அப்போது பார்ப்பவர் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுப்பார், நாய் மட்டும் மரபணுவில் மாறியிருக்காது.

டெரியர்களின் நோய் வேறு ரகம், அவசரம். லென்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் நுண்ணிழைகள் ஏடிஏஎம்டிஎஸ்17 என்ற மரபணுவின் பழுதால் நைந்துபோய், லென்ஸ் இடம் பெயரும். ஜாக் ரஸ்ஸல் போன்ற இனங்களில் பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள். லென்ஸ் முன்பக்கமாக விழுந்தால் கண் அழுத்தம் எகிறும், வலி கடுமையாக இருக்கும், விரைவில் பார்வை போகும். டெரியரின் கண் திடீரெனச் சிவந்து, மங்கி, அது கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

பாஸ்டன் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் குட்டிகளுக்கு இளம் வயதிலேயே வரும் கண்புரைக்கு ஹெச்எஸ்எஃப்4 என்ற மரபணு காரணம், அதற்கும் இரண்டு பிரதி வேண்டும். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் அதே மரபணுதான், பிழை வேறு. அங்கே ஒரு பிரதியே கண்புரை அபாயத்தைக் கூட்டுகிறது. கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு, நாய் திரும்பப் பார்க்கும். ஆனால் பிஆர்ஏ முற்றிய நாய்க்கும் கடைசியில் லென்ஸ் வெளுத்துப்போகும். வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து ஆபரேஷன் செய்துவிட்டால், பின்னால் இருப்பது செத்த விழித்திரை. அதனால்தான் நல்ல கண் மருத்துவர் கத்தியை எடுக்கும் முன் விழித்திரையின் மின்னலைகளை அளந்து பார்க்கிறார்.

இதுவரை சொன்னவை வளர்ப்பாளருக்குத் தெரியாமல் நுழைந்தவை. மெர்ல் என்ற நிறம் தெரிந்தே செய்வது. சாம்பல் உடலில் மை தெளித்ததுபோல் திட்டுகள் விழும் அந்த நிறத்துக்கு பிமெல் என்ற மரபணுவில் புகுந்த ஒரு துண்டு காரணம், 2006-இல் கண்டது. ஒரு பிரதி இருந்தால் அழகு. இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதி அமையும்: பெரும்பாலும் வெள்ளை உடல், சிறுத்துப்போன அல்லது உருக்குலைந்த கண், பல சமயம் காதும் கேட்காது. இந்தச் சேர்க்கையைத் தவிர்க்க டிஎன்ஏ கூட வேண்டாம், பெரும்பாலும் கண்ணால் பார்த்தாலே போதும். மறைவான பழுதை அறியாமல் கடத்தும் வளர்ப்பாளரிடம் எனக்குக் கோபமில்லை. இதைச் செய்பவரிடம் உண்டு.

மாலைக்கண் என்றதும் நமக்கு வைட்டமின் ஏ நினைவுக்கு வரும், ஈரலும் கேரட்டும் கொடுக்கத் தோன்றும். பிரியார்ட் என்ற பிரெஞ்சு மேய்ப்பு நாயின் கதை இங்கே பொருத்தம். ஸ்வீடனில் இந்த இனத்தில் பிறவியிலேயே இருட்டில் பார்க்காத நாய்களைக் கண்டார்கள். அவற்றின் உடலில் வைட்டமின் ஏ-க்குக் குறைவில்லை. ஒளி பட்டபின் அந்த வைட்டமின் பொருளை மறுபடி பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு மாற்றும் நொதிதான் இல்லை. ஆர்பிஇ65 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. எத்தனை கேரட் கொடுத்தாலும் அது கண்ணுக்கு உதவாது.

இந்தக் கண்ணில் செல்கள் உடனே செத்துவிடுவதில்லை, மூலப்பொருள் இல்லாமல் சும்மா இருக்கின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியா, கார்னெல், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீங்கற்ற ஒரு வைரஸில் நல்ல ஆர்பிஇ65 மரபணுவை ஏற்றி, இந்த வம்சத்து நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். பிறவிக்குருடாக இருந்த நாய்கள் பார்த்தன. 2001-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. லான்சலாட் என்ற நாயை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார்கள். இதே மரபணுப் பழுதால் பார்வையிழக்கும் குழந்தைகளுக்கு அந்த வழி மருந்தாக வளர்ந்து, லக்ஸ்டர்னா என்ற பெயரில் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறிமுகமானபோது இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அதன் விலை 8,50,000 டாலராக இருந்தது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஜீன் பென்னட், சிகிச்சை பெற்ற இரண்டு நாய்களைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். வீட்டில் வளரும் லாப்ரடாருக்கோ பூடிலுக்கோ இப்படி ஒரு சிகிச்சை கடையில் வாங்கும் நிலைக்கு வரவில்லை. அவற்றுக்கு இருப்பது பிறக்கும் முன் செய்யக்கூடிய தடுப்பு மட்டும்தான்.

தடுப்பு எளிதுதான். நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தோ, கொஞ்சம் ரத்தம் எடுத்தோ அனுப்பினால், கிளியர் (கெட்ட பிரதி இல்லை), கேரியர், அஃபெக்டெட் (இரண்டு பிரதியும் கெட்டவை) என்று மூன்றில் ஒன்றாக அறிக்கை வரும். கேரியர் என்று வந்தவுடன் அந்த நாயை இனப்பெருக்கத்திலிருந்து தூக்கியெறியும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பொறுப்பானதாகத் தெரியும், ஆனால் தவறு என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே குறுகிய இனத்தில் கேரியர்களையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுபவை இன்னும் நெருங்கிய சொந்தமாகிவிடும். இன்று பெயர் தெரியாத வேறு ஏதோ பிழை அடுத்த தலைமுறையில் ஜோடி சேரும். கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பிறக்கும் குட்டிகளைச் சோதித்து, நல்ல குணமுள்ள கிளியர் குட்டியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டால், நாயின் மற்ற நல்ல மரபணுக்களும் தங்கும், பிழை மட்டும் மெல்ல நழுவும்.

பரிசோதனைக்கு ஒரு வரம்பு உண்டு: கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பிஆர்சிடி கிளியர் என்றால் பிஆர்சிடி இல்லை, அவ்வளவே. எனவே, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய்களுக்கு ஆண்டுக்கொரு முறை கண் மருத்துவர் பரிசோதனையும் வேண்டும். வீட்டு நாய்க்குப் பார்வை குறைந்தாலே பரம்பரை என்று முடிவு கட்டவும் வேண்டாம். சர்க்கரை நோயால் கண்புரை வரும், நம் ஊரில் சாதாரணமான உண்ணிக் காய்ச்சல் கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. பிஆர்ஏ வந்த நாயைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம், ஏனென்றால் அது வீட்டை மனப்பாடமாக வைத்திருக்கும். சோபாவை இடம் மாற்றும்போதோ புது ஊருக்குக் கூட்டிப்போகும்போதோதான் பிடிபடும். கண்மணி எப்போதும் விரிந்தே இருப்பதும், கண் முன்னைவிட அதிகமாக மின்னுவதும் துப்புகள். விழித்திரை மெலிய மெலியப் பின்னாலுள்ள படலம் கூடுதலாகப் பிரதிபலிக்கும்.

லாப்ரடாரோ காக்கரோ பூடிலோ குட்டியாக வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டின் பிஆர்சிடி அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் கிளியராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று கிளியர் என்றாலே அந்த ஈற்றில் எந்தக் குட்டிக்கும் பிஆர்சிடி-யால் பார்வை போகாது. அறிக்கையில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் அந்த நாயின் மைக்ரோசிப் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.